ஏற்ற வேடமும் இயற்கைக் குணமும்

விளையாட்டில் ஒருவன் தனக்கு வேண்டிய வேடத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டால், அவன் தேரும் வேடம் அவனுடைய உள்ளத்தைக் காட்டிக்கொடுக்குமா? வீரன் வேடம் பூண்டவன் வீரன் என்றும், கள்வன் வேடம் பூண்டவன் கள்ளநெஞ்சன் என்றும் முடிவு கட்டலாமா? அன்றி, விளையாட்டு விளையாட்டே, அதற்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று ஒதுக்கிவிடலாமா? பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இக்கேள்வி, சென்ற ஆண்டு நம்மிடம் வந்த ஒரு வழக்கினால் பெரிதாயிற்று. அவ்வழக்கில் நாம் முதலில் அளித்த தீர்ப்பு பிழையாகப் போயிற்று என்பதையும் வாசகர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நமது நெடுநாள் நண்பர் ஒருவர் துணி வணிகர். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். "ஹஜ்ரத், என் மகன் இரவு வெகுநேரம் கணினியின் முன்னால் உட்கார்ந்து ஏதோ ஆட்டம் ஆடுகிறான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த ஆட்டத்தில் எத்தனையோ வேடங்கள் இருக்கின்றனவாம். போர்வீரன் இருக்கிறான், வேட்டைக்காரன் இருக்கிறான், காயம் பட்டவர்களைக் குணப்படுத்துகிறவன் இருக்கிறான். அத்தனையையும் விட்டுவிட்டு, இருட்டில் பதுங்கி வந்து முதுகில் குத்துகிற கள்வன் வேடத்தை எடுத்திருக்கிறான். நாம் வளர்த்த பிள்ளைக்கு இதுவா பிடிக்க வேண்டும்?" என்று மனம் நொந்து கூறினார்.

அந்தப் பிள்ளை பொறியியல் கல்லூரியில் படிப்பவன். சிறு வயதில் நம்மிடம் ஓதியவன். அவனை வரவழைத்து, "தம்பி, வேடிக்கைக்காகக்கூட மனிதன் இழிந்ததை விரும்பலாகாது; விரும்பியது நாளடைவில் பழகிவிடும்" என்று நாம் நெடுநேரம் உபதேசித்தோம். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். முடிவில் மெல்லச் சொன்னான்: "ஹஜ்ரத், நான் என்ன வேடம் போடுகிறேன் என்று அத்தாவும் கேட்டார்கள், நீங்களும் கேட்டீர்கள். கூட ஆடுகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறேன் என்று யாரும் கேட்கவில்லையே."

அச்சொல்லில் துடுக்கு இல்லை, வருத்தமே இருந்தது. நம்மிடம் மறுமொழி இல்லை. "அப்படியானால் எனக்குக் காட்டு தம்பி" என்றோம். அதன்பின் சில மாலைப் பொழுதுகள் அவர்கள் வீட்டில் அவன் பக்கத்தில் அமர்ந்து, அவன் ஆடுவதைப் பார்த்தும், அவன் விளக்கியதைக் கேட்டும், இவ்விளையாட்டுகளின் வரலாற்றைத் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே ஈண்டு எழுதுகிறோம். மாயமந்திரம் போன்றவை இவ்வாட்டங்களில் கதைப்பொருளாக வருகின்றன. அவை பற்றிய மார்க்க விசாரணை வேறு. இங்கே நாம் எடுத்துக்கொண்டது குணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமே.

வேடமேற்று ஆடும் இவ்வகை விளையாட்டுக்குத் தாய் என்று சொல்லத்தக்கது, 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆகும். அதற்குக் கணினி தேவையில்லை. சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, காகிதமும் பென்சிலும் பகடையும் கொண்டு, ஒருவர் சொல்லும் கதைக்குள் தாமே மாந்தராகப் புகுந்து ஆடினர். அதில் தொடக்கத்தில் மூன்றே வகை மாந்தர் இருந்தனர்: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. காயத்தை ஆற்றும் வேலை சமயகுருவுக்கு உரியது. மறு ஆண்டு, 1975-இல் வந்த ஒரு பிற்சேர்க்கை நூலில் கள்வனும் சேர்ந்துகொண்டான். நம் நண்பரை வருத்திய அந்தக் கள்வனுக்கு வயது ஐம்பதுக்கு மேல் ஆகிவிட்டது என்க.

1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர், பலர் ஒரே சமயத்தில் கணினி வழியே கூடி ஆடும் 'மட்' என்ற ஆட்டத்தைத் தொடங்க, ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்தார். அதில் படம் கிடையாது, எல்லாம் எழுத்தே. பின்னர் அந்தப் பார்ட்டில், ஆடுவோரைக் கூர்ந்து நோக்கி 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆடுவோர் நான்கு திறத்தர் என்றார் அவர்: வெற்றியும் பொருளும் சேர்க்க வருவோர், புதியதைக் கண்டறிய வருவோர், பிறரோடு பழக வருவோர், பிறரை வருத்தி மகிழ வருவோர். ஆடுவோரை அவர் வகைப்படுத்தியது அவர்கள் பூண்ட வேடத்தைக் கொண்டு அன்று. அவர்கள் எதை நாடி வந்தனர் என்பதைக் கொண்டே. நிய்யத்தைப் பாராமல் செயலை எடைபோடலாகாது என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்த நாம், அந்தப் பாடத்தை அந்தப் பிள்ளையின் விஷயத்தில் மறந்தோமே என்று நாணினோம்.

2004-ஆம் ஆண்டு நவம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டு வந்தது. இவ்வகை ஆட்டங்களில் பெரும்புகழ் பெற்றது அதுவே. அதில் தொடக்கத்தில் ஒன்பது வகை மாந்தர் இருந்தனர். 2022-க்குள் அவ்வகைகள் பதின்மூன்றாயின. ஆடுவோர் இவ்வகையை 'கிளாஸ்' என்பர். வகை எத்தனையானாலும் கூட்டாகப் போரிடும்போது பொறுப்புகள் மூன்றே. பகைவனின் அடியையெல்லாம் தன்மேல் வாங்கித் தாங்குபவன் ஒருவன். அவனை 'டேங்க்' என்பர. அடிபட்டவர்களின் உயிரைக் காத்து நிற்பவன் ஒருவன், அவன் 'ஹீலர்'. மற்றவர்கள் பகைவனைத் தாக்குவோர். ஐவர் கொண்ட குழுவில் தாங்குபவன் ஒருவன், குணப்படுத்துபவன் ஒருவன், தாக்குவோர் மூவர் என்பது வழக்கம்.

இங்கேதான் சிந்தனைக்குரிய ஒரு செய்தி இருக்கிறது. 2009 டிசம்பரில், அறிமுகம் இல்லாத ஐவரைக் கணினியே ஒன்றுசேர்த்துக் குழுவாக்கும் ஏற்பாடு அவ்விளையாட்டில் வந்தது. தாக்க விரும்புவோர் திரளாக வந்தனர். தாங்கவும் குணப்படுத்தவும் விரும்புவோர் குறைந்தனர். ஆகவே தாக்குவோர் வரிசையில் நெடுநேரம் காத்துக்கிடக்க வேண்டியதாயிற்று. 2011-இல் அந்நிறுவனம், எந்தப் பொறுப்புக்கு ஆள் குறைவோ அதை ஏற்று வருவோருக்குத் தனிப் பரிசு தருவதாக அறிவித்தது. கற்பனை உலகிலும், காப்பாற்றும் வேலைக்குக் கூலி கூட்டித்தான் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது!

காரணம் யாது? தாக்குபவன் தவறினால் வேறிருவர் தாக்குவர், குழு பிழைத்துக்கொள்ளும். குணப்படுத்துபவன் தவறினால் ஐவரும் மாண்டுபோவர். பழி முழுவதும் அவன்மேல் விழும். அவன் தன் வேலையைச் செவ்வனே செய்தாலோ ஒருவரும் சாகமாட்டார். ஆகவே அவன் செய்தது ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. பகைவனை வீழ்த்தியவன் பெருமை கொள்வான். அவனை நிற்க வைத்தவனை நினைப்பார் இல்லை. நம் இல்லங்களிலும் அப்படித்தானே? விருந்தின் சுவையைப் புகழ்ந்து எழுவோர் பலர். பின்கட்டில் பாத்திரம் துலக்குபவரை யார் கேட்கிறார்? 'பர்ளு கிஃபாயா' என்று நம் சட்டநூல்கள் கூறும் கடமையின் இலக்கணத்தை இங்கே காண்கிறோம்: ஒருவர் முன்வந்தால் அனைவரும் கடமை நீங்குவர், ஒருவரும் முன்வராவிடில் அனைவரும் குற்றவாளியாவர். அந்த ஒருவர் நானாக இருக்கட்டும் என்று எழுபவரின் எண்ணிக்கை எக்காலத்திலும் சிறிதே.

இனி, வேடத்துக்கும் குணத்துக்கும் உள்ள உறவுக்கு வருவோம். அரபு மொழியில் புறத்தோற்றத்துக்கு 'கல்க்' என்றும், உள்ளத்தின் பண்புக்கு 'குலுக்' என்றும் பெயர். இரண்டுக்கும் வேர் எழுத்துகள் மூன்றும் ஒன்றே. இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து விளக்கும் இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111), தமது 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலில், பண்பு பழக்கத்தால் விளைவது என்பதைத் தெளிவாக்குகிறார். கொடையாளி ஆக விரும்புபவன், மனம் இசையாவிட்டாலும் வலிந்து கொடுத்துக் கொடுத்துப் பழகினால், நாளடைவில் கொடையே அவனுக்கு இயல்பாகிவிடும் என்பது அவர் கருத்தின் சாரம். அவருக்கு முன்னரே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும், நீதியான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நீதிமானாகிறான் என்று கருதினார்.

இக்காலத்து ஆராய்ச்சியும் இதனை ஒட்டியே செல்கிறது. நிக் யீ, ஜெரமி பெய்லன்ஸன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2007-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். கணினிக் காட்சியுலகில் சிலருக்கு நெடிய உருவமும், சிலருக்குக் குட்டை உருவமும் தந்து, பணத்தைப் பங்கிடும் பேரம் ஒன்றை நடத்தச் செய்தனர். நெடிய உருவம் பெற்றவர்கள் அதிகக் கண்டிப்போடு பேரம் பேசினர். அவர்களுடைய உண்மை உயரம் அன்று, சற்று முன் இரவலாகப் பெற்ற உயரமே அவர்களுடைய பேச்சை மாற்றிற்று!

எனவே நம் நண்பரின் அச்சம் அடிப்படையற்றது அன்று. வேடம் உள்ளே கசியும். இதனை ஒப்புக்கொள்ளாமல், எல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று அடித்துப் பேசுவோருடன் நாம் உடன்பட இயலாது. ஆனால் வேடத்தின் பெயரே ஒருவனை நல்லவனாகவோ தீயவனாகவோ ஆக்கிவிடுமா? இதற்கு விடை தரும் ஒரு நிகழ்ச்சி 2005 செப்டம்பரில் மேலே சொன்ன விளையாட்டில் நடந்தது.

அம்மாதம் 13-ஆம் நாள், பாழடைந்த ஒரு பழநகரைப் புதிய போர்க்களமாக அதில் சேர்த்தனர். அங்கே தலைமைப் பகைவன், தன்னை எதிர்ப்போர்மேல் 'கறைபட்ட இரத்தம்' என்னும் நோயை ஏவுவான். அருகில் நிற்பவருக்கும் அது தொற்றும். அந்நோய் அக்களத்தோடு நின்றுவிடும் என்று அமைத்தவர்கள் எண்ணினர். ஆனால் ஆடுவோர் சிலர் தம்முடன் கொண்டுசென்ற வளர்ப்பு விலங்குகள் வழியே அது நகரங்களுக்குள் புகுந்தது. வலிமை குறைந்த புதியவர்கள் தொற்றிய சிறிது நேரத்தில் வீழ்ந்தனர். கடைத்தெருக்களில் எலும்புக்கூடுகள் நிறைந்தன. இறுதியில் நிறுவனத்தார் தங்கள் கணினிகளையே மீள அமைத்துத்தான் அதை நிறுத்தினர்.

அந்நாட்களில் மக்கள் நடந்துகொண்ட விதம் பலதரப்பட்டது. குணப்படுத்தும் திறனுடைய சிலர், தமக்குத் தொற்றும் என்று தெரிந்தும் நோயுற்றவர்களிடம் ஓடினர். சிலர் ஊரைவிட்டு ஓடினர். சிலர் என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்க்க உள்ளே வந்து நோயை வாங்கிச் சென்றனர். சிலர் வேண்டுமென்றே நோயைச் சுமந்து சென்று கூட்டத்தில் பரப்பினர். அமெரிக்க ஆய்வாளர்களான எரிக் லாஃப்கிரன், நீனா ஃபெஃபர்மன் இருவரும் 2007-இல் 'லான்செட்' குழும மருத்துவ இதழ் ஒன்றில் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து எழுதினர். உண்மைக் கொள்ளைநோயில் மனிதர் எப்படி நடப்பர் என்பதை அறிய இஃது உதவலாம் என்பது அவர்கள் எண்ணம். 2020-இல் உலகம் கண்ட காட்சிகளை நினைப்போருக்கு அது மிகையாகத் தோன்றாது.

இதில் நாம் காண்பது என்ன? எவரையும் காக்க வேண்டும் என்று வேடம் கட்டளையிடவில்லை. ஓடு என்றும் சொல்லவில்லை. பரப்பு என்றும் சொல்லவில்லை. வேடம் ஒரு திறனைத்தான் தந்தது. அத்திறனை எதற்குச் செலவிடுவது என்பது வேடத்துக்குள் இருந்த மனிதனிடமிருந்து வந்தது. இன்னொன்றும் உண்டு. குணப்படுத்த ஓடியவர்களின் நற்செயலே சிலவிடத்து நோயை நீட்டித்திருக்கக்கூடும். உயிர் பிழைத்த நோயாளி, நோய் தீராமலேயே நடமாடி மேலும் பலருக்குக் கொடுத்தான். ஆகவே நல்லெண்ணம் மட்டும் போதாது; அதற்கு அறிவும் துணை நிற்க வேண்டும். உபதேசம் செய்ய விரைந்த நமக்கு இதுவும் ஒரு பாடமாயிற்று.

"அங்கே சிந்துவது உண்மை இரத்தமா? அங்கே சாவது உண்மைச் சாவா? பொய்யுலகில் செய்த நன்மைக்கு என்ன மதிப்பு?" என்று நம் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இரத்தம் பொய்தான், வாளும் பொய்தான். ஆனால் வேடத்துக்குப் பின்னால் அமர்ந்திருப்பவன் பொய்யனல்லன். தாயும் தந்தையும் பசியும் உறக்கமும் உள்ள மனிதன். அவனைப் பார்த்துச் சொன்ன வசைச்சொல் உண்மை. அவனுக்குக் கொடுத்த வாக்கு உண்மை. அவனுக்காகச் செலவிட்ட நேரமும் உண்மை. உருவத்தின்மேல் விழுந்த அடி உருவத்தோடு போம். மனிதனின்மேல் விழுந்த சொல் அவனோடு வீட்டுக்குச் செல்லும்.

நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்றோர் இளைஞர் இருந்தார். 'டூஷென்' என்னும் தசைச்சிதைவு நோயோடு பிறந்தவர். சிறு வயதிலேயே நடை இழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். பிற்காலத்தில் அவரால் சிறிதளவே விரல்களை அசைக்க முடிந்தது. அவர் நாளின் பெரும்பகுதியை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் கழித்தார். நண்பர் இன்றி, ஒருவருக்கும் பயன்படாமல் மகனின் வாழ்வு கழிகிறதே என்று பெற்றோர் வருந்தினர். 2014-இல் தமது 25-ஆம் வயதில் அவர் மறைந்தார். மகன் எழுதிவந்த இணையக் குறிப்பேட்டில் தந்தை மறைவுச் செய்தியை வெளியிட்டார். அதன்பின் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. 'இபெலின்' என்ற பெயரில் அவர் அங்கே பலருக்கு நண்பராகவும், துயரில் ஆறுதல் சொல்பவராகவும், குடும்பச் சிக்கலில் ஆலோசனை கூறுபவராகவும் இருந்தார் என்பதைப் பெற்றோர் அப்போதுதான் அறிந்தனர். கூட ஆடிய சிலர் வேறு நாடுகளிலிருந்து வந்து அவருடைய இறுதிச் சடங்கில் நின்றனர். 2024-இல் அவருடைய வாழ்க்கை ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

அவர் அங்கே பூண்ட வேடம் ஒரு துப்பறியும் பிரபுவின் வேடம். நடக்க இயலாத அவர் அங்கே நாள்தோறும் ஓடினார். ஆனால் அவருக்காக மக்கள் அழுதது அவர் ஓடியதற்காகவா? பிரபுவாக இருந்ததற்காகவா? இல்லை, பிறர் பேசும்போது காது கொடுத்துக் கேட்டதற்காகவே அழுதனர். கேட்கும் காதுக்கு வேடம் ஏது?

எனினும் இதனை ஒரு கேடயமாகப் பிடித்துக்கொண்டு, உடல்நலமுள்ள பிள்ளைகள் இரவும் பகலும் திரைமுன் கிடப்பதற்கு நாம் இசைவு தருவதாக எவரும் கருதவேண்டா. மாட்ஸ் ஸ்டீனுக்கு வேறு வாசல் அடைபட்டிருந்தது. நம் பிள்ளைகளுக்கு வீட்டு வாசல் திறந்தே இருக்கிறது. குழுவின் நால்வரைச் சாவிலிருந்து காத்த ஹீலர், பக்கத்து அறையில் காய்ச்சலாய்க் கிடக்கும் தாய்க்கு ஒரு குவளை வெந்நீர் கொடுக்க எழவில்லையென்றால், அவன் ஏற்ற வேடம் அவனுக்கே எதிராகச் சாட்சி சொல்லும். நல்ல வேடத்தில் ஓர் ஆபத்தும் உண்டு: வேடத்தின் நன்மையைத் தன் நன்மையாக எண்ணி மனம் நிறைவடைந்துவிடுவது. கள்வன் வேடம் பூண்டவனுக்கு அந்த மயக்கம் வர வழியில்லை.

இனி அந்தப் பிள்ளையிடம் திரும்புவோம். மூன்றாம் நாள் மாலை அவன் ஆடிக்கொண்டிருந்தான். அறிமுகமற்ற ஐவர் சேர்ந்த குழு. அதில் ஒருவர் புதியவர். வழி தெரியாமல் ஓடிப் பகைவர் கூட்டத்தை எழுப்பிவிட்டார். ஐவரும் வீழ்ந்தனர். உடனே திரையின் ஓரத்தில் எழுத்துகள் பாய்ந்தன. புதியவரை ஒருவன் கொடுஞ்சொற்களால் ஏசுகிறான் என்று பிள்ளை நமக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். ஏசியவன் யார் தெரியுமா? அக்குழுவின் ஹீலர்! தொடர்ந்து, புதியவரைக் குழுவிலிருந்து நீக்கலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. பிள்ளை 'வேண்டாம்' என்று அழுத்தினான். மற்றொருவரும் அவ்வாறே அழுத்தியிருக்க வேண்டும், தீர்மானம் தோற்றது. ஏசியவன் வெளியேறினான். நம் பிள்ளை அந்தப் புதியவரிடம், எங்கே நிற்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று பொறுமையாக எழுதிக் காட்டத் தொடங்கினான். இஷாவுக்குப் பாங்கு சொல்லும் வரை அந்தப் பாடம் நடந்தது.

"ஏன் தம்பி, கள்வன் வேடத்தை எடுத்தாய்?" என்று அப்போதுதான் கேட்டோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி! "கூட்டத்தில் பேச எனக்குக் கூச்சம் ஹஜ்ரத். மறைந்து தனியாகப் போக முடிகிற வேடம் இது ஒன்றுதான். ஆட வந்த புதிதில் ஒருவர் எனக்கு இப்படித்தான் எழுதிச் சொல்லிக்கொடுத்தார். அவர் யார், எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது" என்றான்.

நாம் அவனிடம் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். வயதில் மூத்தவர், மாணவனிடம் பிழை ஒப்புவது தாழ்வு என்று சிலர் எண்ணக்கூடும். ஒப்பாமல் இருப்பதே தாழ்வு என்று நமக்குப் பட்டது. அவன் தந்தையிடம் இவ்வளவே கூறினோம்: "மகன் என்ன வேடம் போடுகிறான் என்று கேளுங்கள், அதில் பிழையில்லை. அதனோடு நிறுத்தாதீர்கள். தோற்றவனிடம் அவன் எப்படிப் பேசுகிறான், வாக்குக் கொடுத்த நேரத்துக்கு ஆட்டத்திலும் வீட்டிலும் வருகிறானா, அழைத்தால் எழுந்து வருகிறானா என்பவற்றையும் பாருங்கள்." பிள்ளைக்கும் ஒன்று சொன்னோம்: "தம்பி, அங்கே கூச்சம் இன்றி ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தாய். அதே பொறுமையோடு உன் தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடு." இப்போது வாரத்தில் சில நாள் சொல்லிக்கொடுக்கிறான் என்று நண்பர் கூறுகிறார். ஆட்டத்தையும் விடவில்லை, நேரத்துக்கு மட்டும் ஒரு வரம்பு வைத்துக்கொண்டிருக்கிறான்.

விடைபெறும்போது அவன் சிரித்துக்கொண்டே, "நீங்கள் ஆடினால் எந்த வேடத்தை எடுப்பீர்கள் ஹஜ்ரத்?" என்று கேட்டான். "குணப்படுத்துபவன்தான்" என்று தயங்காமல் சொல்லிவிட்டோம். வீடு திரும்பும் வழியில் அந்த விடை நம்மை உறுத்தியது. அவ்வேடத்தின் பெயர் நன்றாயிருக்கிறது, அதனால் சொன்னோமோ? தலை குனிந்து நம்முன் நின்ற அந்தப் பிள்ளையிடம் முதல் நாள் நாம் குணப்படுத்துபவராகவா நடந்துகொண்டோம்? ஒன்றும் கேட்காமல் தாக்கினோம் அல்லவா? ஆசிரியர், தந்தை, பெரியவர் என்பனவும் நாம் ஏற்றுள்ள வேடங்களே. அவற்றின் பெயர்கள் நல்லவை. அப்பெயர்களுக்குள் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை நம்மிடம் பயின்ற பிள்ளைகளே அறிவர். அவர்களிடம் ஒருநாள் கேட்டுப் பார்ப்பது நன்று.